கேரம் போர்டு பக்கத்தில் நின்று ரூல்ஸ் பேசும் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களே, பெரியவர்களே,

பொங்கல் நெருங்குகிறது. கல்மண்டபம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று தெருவுக்குத் தெரு பந்தல் விழும். கோலப்போட்டி ஒரு பக்கம், உறியடி ஒரு பக்கம், கேரம் ஒரு பக்கம் நடக்கும். நீங்களும் வருவீர்கள். சட்டைப்பையில் நான்காக மடித்த ஜெராக்ஸ் இருக்கும். பையன் ஸ்டிரைக்கரை வைத்துக் கை எடுப்பதற்குள் உங்கள் விரல் நீளும்: "தம்பி, இது ஃபவுல். ரூல் என்ன சொல்லுதுன்னு தெரியுமா?" அடுத்த ஐந்து நிமிடம் ஆட்டம் நிற்கும். வருடா வருடம் இதே கதை. அதனால் இந்த முறை பந்தக்கால் நடும் முன்பே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் போர்டு போடுகிறவர்கள். ஸ்டாண்டு தூக்குவது, பவுடர் தூவுவது, நடுவராக உட்காருவது, கடைசியில் காய் எண்ணிப் பெட்டியில் போடுவது எல்லாம் எங்கள் வேலை. ரூல்ஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த ரூல்ஸ் புத்தகத்தை வைத்திருக்கிற சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே இந்தச் சென்னையில்தான். 1991-ல் முதல் உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் உலகப் பட்டம் வாங்கிய இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைதான். அப்பா ஆட்டோ ஓட்டுநர். ஆகவே ரூல்ஸ் என்பது எங்கோ வெளியூரிலிருந்து வந்த சரக்கு, அதை நீங்கள் வந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்ற நிலைமை இங்கே இல்லை.

எங்கள் குறை இதுதான். நீங்கள் பிடித்துத் தொங்குகிற விதிகளில் பாதி அந்தப் புத்தகத்திலேயே கிடையாது. மீதிப் பாதியிலும், யார் ஜெயிப்பார் என்பதையே மாற்றிவிடக்கூடிய விதிகளை நீங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கட்டைவிரலை எடுத்துக்கொள்வோம். "தம்", அதாவது கட்டைவிரல் அடி, போடக்கூடாது என்று எத்தனை பையன்களை எழுப்பிவிட்டிருக்கிறீர்கள்! சர்வதேச விதியில் எந்த விரலாலும் அடிக்கலாம், கட்டைவிரலும் சேர்த்தி. அது சும்மா கொடுத்த சலுகையும் இல்லை. காய் தன் பக்கத்து அடிக்கோட்டுக்கு (ஸ்டிரைக்கர் வைக்கிற கோட்டுக்கு) கீழே, ஃபிரேமை ஒட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். ஆள்காட்டி விரலால் முன்னே தள்ளினால் எதிர் ஃபிரேமில் பட்டுத் திரும்பி வந்துதான் அந்தக் காயைத் தொட முடியும். ஒன்றேகால் மீட்டர் ஓட்டத்துக்குக் குறி பார்க்க வேண்டும். கட்டைவிரலை வைத்தால் ஸ்டிரைக்கரைத் தன்னை நோக்கியே இழுத்து அடிக்கலாம், குறியும் ஒரு சாண் தூரம்தான். நல்ல ஆட்டக்காரர்கள் இதைத் தனியாக உட்கார்ந்து பழகுகிறார்கள். நீங்கள் அதைத் திருட்டு வேலை மாதிரி பிடித்து நிறுத்துகிறீர்கள்.

ரெட்டுக்கு, அதாவது சிவப்புக் காய்க்கு, ஐந்து பாயின்ட் என்பதும் அப்படித்தான். பழைய ஆட்டத்தில் ஐந்து கொடுப்பது உண்டு. இப்போதைய விதியில் மூன்று. அதுவும் ஆட்டக்காரரின் கணக்கு 21 வரை இருந்தால்தான். 22-ஐத் தொட்டுவிட்டால் ரெட்டைப் போட்டாலும் அதற்குப் பாயின்ட் கிடையாது, எதிராளியின் மிச்சக் காய்கள் மட்டும்தான் சேரும். ஒரு போர்டில், அதாவது ஒருமுறை காய் அடுக்கி ஆடி முடிப்பதில், அதிகபட்சம் ஒன்பது காயும் மூன்றும் சேர்த்துப் பன்னிரண்டு. அதனால் 25 பாயின்ட் ஆட்டத்தை எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாலும் இரண்டே போர்டில் முடிக்க முடியாது. இந்தக் கணக்கு தெரியாமல் ஸ்கோர் எழுதுகிற பெண்ணிடம் போய்த் திருத்தச் சொன்னால், அந்தப் பெண் சரியாக எழுதியதையும் அழித்துத் தப்பாக எழுதுகிறது.

இன்னொன்று. காய் மேல் காய் ஏறி நின்றாலோ, ஒரு காய் விளிம்பில் செங்குத்தாக நின்றாலோ, உடனே கையை விட்டுத் தட்டிப் படுக்க வைக்கிறீர்கள். அது அப்படியே இருக்க வேண்டும், அடுத்த அடி அதை எடுக்கட்டும் என்பதுதான் விதி. தட்டியது நீங்கள். ஃபவுல் வாங்குவது பையன்.

அடுக்குவதற்கு வருவோம். நடுவில் ரெட், சுற்றி ஆறு, அதற்குச் சுற்றி பன்னிரண்டு, வெள்ளை ஒய் மாதிரி விரிய வேண்டும். சரி. அந்த ஒய்யின் காம்பு நேராக நிற்கிறதா என்று குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதற்கு அவசியமே இல்லை. ஆரம்ப அடி அடிக்கிறவர் தனக்கு வேண்டிய கோணத்தில் மொத்த அடுக்கையும் திருப்பிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது வேறு: காய்களுக்கு இடையில் சந்து இருக்கக்கூடாது. ஒரு இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும் அடியின் வேகம் அந்தப் பக்கம் போய்ச் சேராது; பாதி காய் சிதறும், பாதி அப்படியே கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். முதல் அடி வாங்கியவனுக்கு அது பெரிய நஷ்டம். இரண்டு கையாலும் சுற்றி வளைத்து மெதுவாக நெருக்கினால் போதும், பத்து விநாடி வேலை.

இனி உங்கள் கண்ணில் படாத விஷயங்கள். எங்களுக்கு வயிற்றெரிச்சலே இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

போர்டின் ஆடுகளம் பக்கத்துக்கு 73.5-லிருந்து 74 செ.மீ., குழி 4.45 செ.மீ. விட்டம், நடுவட்டம் 17 செ.மீ., அடிக்கோடு 47 செ.மீ. நீளம். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம், ஒப்பிக்கவும் செய்வீர்கள். கடையில் வாங்கின போர்டில் இந்த அளவுகளை இனி யாராலும் மாற்ற முடியாது. அந்த இடத்தில், அந்த மாலையில், மாற்றக்கூடியதும் மாற வேண்டியதும் மட்டம். கொத்தனாரிடம் இருக்கிற ரசமட்டத்தை வாங்கிக் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை, மூலைக்கு மூலை இரண்டு முறை வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் நான்கு பக்கத்திலிருந்தும் ஸ்டிரைக்கரை மெதுவாக, எதிர் ஃபிரேமைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற வேகத்தில் விடுங்கள். வேகமாக ஓடும்போது சரிவு தெரியாது. நிற்கப் போகிற கடைசி ஒரு சாணில்தான் வளையும். எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மூலைக்கு வளைந்தால் அந்த மூலை பள்ளம். ஸ்டாண்டின் அந்தக் காலுக்கு அடியில் மடித்த அட்டை வைத்தால் தீர்ந்தது. தெருவில் மழைநீர் வடிவதற்குச் சரிவு விட்டுத்தான் சிமென்ட் போடுவார்கள், அதனால் அட்டை வைக்காத போர்டு நேராக இருக்க வாய்ப்பே குறைவு.

வளைவு மூலைக்குப் போகாமல் நான்கு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வந்தால், பலகை தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். விதிப்படி பிளைவுட் குறைந்தது 8 மி.மீ. இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்குகிற மலிவு போர்டில் 4 மி.மீ.தான் இருக்கும். அதைச் சுவரில் சாய்த்து ஒரு மழைக்காலம் விட்டால் வயிறு தள்ளிவிடும். அந்த போர்டை அரையிறுதிக்கு எடுக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் அடியில் சரியாக நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, கட்டைக்கும் பலகைக்கும் நடுவே அட்டையை ஒவ்வொன்றாகச் செருகி, ரசமட்டம் நேர் காட்டும்வரை ஏற்றுங்கள்.

அடுத்தது ஓட்டம். 15 கிராம் ஸ்டிரைக்கரை நன்றாக அடித்தால் போர்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குறைந்தது மூன்றரை முறை ஓட வேண்டும். இதுவும் உங்கள் ஜெராக்ஸில் இருக்கிற விதிதான். ஆட்டம் தொடங்குமுன் யாரும் ஒருமுறைகூட அடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. காசிமேட்டில், ராயபுரத்தில், தை மாதத்து ராத்திரியில் இந்த மூன்றரை எளிதில் வராது. கடல்காற்றில் உப்பு, மேலே பனி. ஆறு மணிக்கு வழுக்குகிற போர்டு ஒன்பது மணிக்குப் பிசுபிசுக்கும். கடைசியில் ஆடுகிறவர்களுக்கும் முதலில் ஆடினவர்களுக்கும் ஒரே ஆட்டம் கிடைப்பதில்லை. இது நியாயக் கேள்வி இல்லையா?

இதற்கு அந்தக் காலத்தில் தலைக்கு மேல் தொங்கின குண்டு பல்பே பாதி மருந்து. 100 வாட் பல்பு வெளிச்சத்தோடு சூட்டையும் கீழே இறக்கும், பலகை காய்ந்தே இருக்கும். இப்போது எல்லாம் எல்.ஈ.டி.; வெளிச்சம் பளீரென்று இருக்கிறது, சூடு வருவதில்லை. அதனால் பழைய குண்டு பல்பு கிடைத்தால் மாட்டுங்கள், ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே எரியவிடுங்கள். கிடைக்காவிட்டால் பந்தலுக்கு மேல் ஒரு தார்பாய் கட்டாயம் வேண்டும். துணிப்பந்தல் பனியை நிறுத்தாது. ஒவ்வொரு போர்டு முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. ஈரத்துணி படவே கூடாது.

பவுடர் விஷயத்தில் எல்லோருமே தாராள மனசுக்காரர்களாக இருக்கிறோம். முழு போர்டுக்கும் கால் டீஸ்பூன் போரிக் பவுடர் போதும். நடுவில் தூவி, துணிப்பொட்டலத்தால் வட்டமாகத் தேய்த்து ஓரம்வரை கொண்டுபோக வேண்டும். பலகையில் வெள்ளை தெரிந்தால் அதிகம். அதிகமான பவுடர் எங்கும் போய்விடாது, நான்கு ஃபிரேமின் காலடியிலும் மணல் மேடு போல் சேரும். அப்புறம் ஃபிரேமை ஒட்டிக் கிடக்கிற காய் அந்த மேட்டில் புதைந்து நிற்கும். ஸ்டிரைக்கர் பட்டுத் திரும்பும் கோணமும் மாறிவிடும். பையன் சரியாகக் கணக்குப் போட்டு அடித்த ரீபவுண்ட் இரண்டு விரல் தள்ளிப் போகும். அதனால் ஃபிரேமின் அடியைச் சின்ன பிரஷ்ஷால் அவ்வப்போது ஒதுக்கி எடுங்கள். போரிக் கிடைக்கவில்லை என்று முகப்பவுடர் போட்டால் முதல் ஆட்டத்துக்கு ஓடும், பனி இறங்கியதும் ஒட்டும். மைதா ஈரத்தை இழுக்கும், எறும்பையும் இழுக்கும். பொங்கல் சமயத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் கோலமாவு இருக்கும். அது கல்மாவு, பாலிஷைக் கீறிவிடும், அந்தக் கீறல் அப்புறம் போகவே போகாது. போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக்கூடிய பொருள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் ஆடிவிட்டு அப்படியே பஜ்ஜியில் கை வைக்கும். ஒரு வாளி தண்ணீரும் சோப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஃபிரேமையும் தட்டிப் பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் நான்கு பக்கமும் ஒரே சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லொட லொட என்றால் அடியில் திருகு தளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் பட்ட ஸ்டிரைக்கர் செத்து விழும். ஸ்குரூ டிரைவரால் ஒரு திருப்பு திருப்பினால் சரியாகிவிடும்.

எடைக்கு வருகிறோம். ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. காய் 5-லிருந்து 5.5 கிராம். யாராவது ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்ததுண்டா? கிராம் காட்டுகிற சின்ன எலக்ட்ரானிக் தராசு இப்போது எத்தனையோ வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. சொந்த ஸ்டிரைக்கர் கொண்டுவருகிற பையன்களிடம் 17, 18 கிராம் சரக்கு சகஜமாகப் புழங்குகிறது. கனமான ஸ்டிரைக்கர் கூட்டத்தை உடைக்கும்போது காய்கள் இன்னும் வேகமாகச் சிதறும். அது அவனுக்கு லாபம். நேர் அடியில் காய்க்குப் பின்னாலேயே போய்க் குழியில் விழும். அது அவனுக்கே டியூ, போட்ட காய் ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டும். குழிக்கும் ஸ்டிரைக்கருக்கும் 3 மி.மீ. சொச்சம்தான் இடைவெளி, காய்க்கோ ஒன்றேகால் செ.மீ. இடைவெளி. அதனால் காய் எப்படிப் போனாலும் விழும், ஸ்டிரைக்கர் நேராகப் போனால்தான் விழும். கட் அடி, அதாவது காயின் ஓரத்தில் அடிப்பது, பழகினவனுக்கு டியூ குறைவதன் காரணம் இதுதான். பையனிடம் "டியூ வை" என்று அதட்டுகிற நேரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த போர்டில் அவன் டியூ வைக்கமாட்டான்.

காரணம் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். நாற்காலியை விட்டு எழக்கூடாது என்கிறீர்கள். சரியான விதி. எழுந்து சாய்ந்தால் நீளக் கைக்காரன் எந்தக் கோணத்துக்கும் போய்விடுவான். ஆனால் பத்து வயசுப் பையனுக்கு 70 செ.மீ. உயர ஸ்டாண்டும் பெரியவர்கள் நாற்காலியும் போட்டுவிட்டு, அவன் எழும்பினால் ஃபவுல் என்றால் எப்படி? முழங்கை ஃபிரேமுக்கு மேல் வருகிற மாதிரி அவனுக்கு அடியில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் பலகை போட்டுக் கொடுங்கள். பெட்டிக்குக் காசிமேட்டில் என்ன பஞ்சம்? அதற்கப்புறம் எழுந்தால் ஃபவுல் சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்து சொல்கிறோம். அடிக்கோட்டு முனையிலுள்ள சிவப்பு வட்டத்தை முழுசாக மூட வேண்டும் அல்லது தொடவே கூடாது என்பதும் தேவையான விதி. ஸ்டிரைக்கர் அந்த வட்டத்தைவிடப் பெரியது, அதனால் முழுசாக மூடுவது யாருக்கும் முடியும். முதல்முறை தொட்டால் காட்டிக் கொடுங்கள், இரண்டாம் முறை ஃபவுல் கொடுங்கள். ரெட் போடுமுன் சொந்தக் காய் ஒன்றாவது விழுந்திருக்க வேண்டும், ரெட் விழுந்தால் ஃபாலோ, அதாவது அதை உறுதிசெய்கிற சொந்தக் காய், உடனே விழ வேண்டும். இந்த இரண்டிலும் எங்களிடமும் விட்டுக்கொடுப்பு கிடையாது.

நேரத்தையும் பேசிவிடுவோம். ஓர் அடிக்கு 15 விநாடி. நீங்கள் ஒரு விதியைச் சொல்லி, அது எத்தனையாவது பிரிவு என்று சொல்லி, அந்தக் காலத்தில் கிளப்பில் எப்படி ஆடினார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் இருபது அடி போய்விடும். நடுவர் உட்கார்ந்திருக்கும்போது தீர்ப்பு அவருடையது. சுற்றி நிற்கிறவர் பேசக்கூடாது என்பது போட்டி நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. அதை மட்டும் உங்கள் ஜெராக்ஸில் மடிப்பு விழுந்த இடத்தில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

"மூன்று ஆட்டத்தில் இரண்டு, ஒவ்வொன்றும் 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, இல்லாவிட்டால் அது போட்டியே இல்லை" என்று ஓர் அண்ணன் ஒவ்வொரு வருடமும் சண்டைக்கு வருவார். அவருக்காக ஒரு கணக்கு. 32 பேர் பெயர் கொடுத்தால் நாக்அவுட்டில் 31 ஆட்டம். போர்டுக்கு 6 நிமிடம், எட்டு போர்டுக்கு 48, மூன்று ஆட்டமும் போனால் 144 நிமிடம். இரண்டு பலகை போட்டு ஒரே நேரத்தில் ஆடினாலும் மொத்தம் 37 மணி நேரம். மாட்டுப் பொங்கல் தாண்டிக் காணும் பொங்கல் வந்துவிடும். ஆகவே எங்கள் தெருவில் ஒரே ஆட்டம், 15 பாயின்ட் அல்லது நான்கு போர்டு, எது முதலில் வருகிறதோ அது. நான்கு முடிந்தும் சமம் என்றால் இன்னொரு போர்டு. ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்றால், கடைசி மூன்று ஆட்டம் போக மீதி 28-ம் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். அரையிறுதியும் இறுதியும் மட்டும் 25 பாயின்ட். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், பனிக்கு முன்னால்.

இந்த விதிகளை ஒரு அட்டையில் எழுதிப் பந்தல் கம்பத்தில் கட்டிவிடுவோம். கட்டைவிரல் உண்டு, ரெட்டுக்கு மூன்று, டியூ வைக்க வேண்டிய இடம் நடுவட்டத்துக்குள், வெளியே குதித்த காய் நடுவில் என்று பத்து வரிக்குள் அடங்கும். அதில் தப்பு இருந்தால் போகிப் பண்டிகை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், திருத்துகிறோம். ஆட்டம் தொடங்கின பிறகு திருத்தம் கிடையாது. ஆட்சேபம் இருந்தால் போர்டு முடிந்த பிறகு, அடுத்த அடுக்கு வைக்குமுன், ஆடினவர்தான் நடுவரிடம் சொல்ல வேண்டும். சித்தப்பா, மாமா யாரும் வர வேண்டாம்.

எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. சாயங்காலம் ஐந்து மணிக்கே வந்து மட்டம் பார்க்க இரண்டு பேர், ஸ்டிரைக்கர்களை நிறுத்துப் பார்த்து 15 கிராமுக்கு மேல் இருப்பதைத் தனியே எடுத்து வைக்க ஒருவர், ஃபிரேமின் அடியில் பிரஷ் போட ஒருவர், ஸ்கோர் எழுத இரண்டு பேர் வேண்டும். விதி தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது, அதனால் முதலில் உங்களைக் கேட்கிறோம். வருகிறவர்கள் பெயரை மூலை டீக்கடையில் இருக்கிற நோட்டில் எழுதிவிடுங்கள். தராசு வைத்திருப்பவர் அதையும் பேட்டரியையும் கொண்டு வரவும்.

இப்படிக்கு,
வடசென்னைத் தெருக்களில் கேரம் போர்டு போடுகிற சிலர்